வெள்ளை முடிச்சு

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று மாமா, என் வீட்டுக்காரரின் தகப்பன், என்னைப் பார்க்கவேயில்லை. அம்மா பலகாரத் தட்டை நீட்டிக்கொண்டு நிற்க, அவர் "வாறன்" என்று எழும்பிக் கிணற்றடிப் பக்கம் போய்விட்டார். கால் கழுவப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். திரும்பி வரும்போது அவர் கையில் எங்கள் பயற்றங்கொடி ஒன்று வேரோடு தொங்கியது. காய்க்கத் தொடங்கியிருந்த கொடி. அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் வேரை உதறி, அதில் ஒட்டியிருந்த கடுகளவு முடிச்சு ஒன்றைப் பெருவிரல் நகத்தால் கீறி, வாசலில் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் திரும்பினார்.

"மண் நல்லம். சிவப்பாத்தான் கிடக்கு. எங்களுக்குச் சம்மதம்."

அப்படித்தான் நான் யாழ்ப்பாணத்திலிருந்து, காடு வெட்டிக் குடியேற்றிய உருத்திரபுரம் கொலனிக்கு வாழ்க்கைப்பட்டேன். என் தங்கச்சிமார் இந்தக் கதையை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். முதல் இரண்டு மூன்று வருடம் நானும் சேர்ந்து சிரித்தேன்.

மாமா நெடுத்த, ஒட்டிய வயிறுள்ள மனிதர். வேட்டியை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டியிருப்பார். வலது கைப் பெருவிரல் நகத்தை மட்டும் வெட்டமாட்டார். அந்த நகத்துக்குக் கீழே எப்போதும் மண் இருக்கும், சோறு தின்னும்போதும் இருக்கும். யாருடைய காணிக்குப் போனாலும் ஒரு செடியைப் பிடுங்காமல் திரும்பமாட்டார். பிடுங்கிப் பார்த்துவிட்டு அதை வேலிமேல் போட்டுவிட்டு, காணிக்காரனிடம் சொல்வது ஒரே கதைதான்.

"மேலை நிக்கிறது ஊருக்குக் காட்ட. கீழை என்ன கிடக்கு எண்டு பாக்கவேணும்."

நான் வந்த புதிதில் கிணற்றடியில் ஒரு செவ்வரத்தைத் தடி ஊன்றினேன். அம்மா வீட்டிலிருந்து ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த தடி. நாலு இலை விட்டுவிட்டது என்று நான் சந்தோசப்பட்டுக்கொண்டிருக்க, ஒருநாள் காலையில் அது வேலிமேல் கிடந்தது.

"வேர் விட்டுத்தான் இருந்தது, பிள்ளை" என்றார் மாமா, எனக்கு ஏதோ நல்ல செய்தி சொல்வது போல. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

இந்தப் பைத்தியம் அவருக்கு எங்கே பிடித்தது என்பதை என் வீட்டுக்காரர்தான் சொன்னார். அவரை நான் 'இவர்' என்றுதான் சொல்லிப் பழக்கம், இங்கேயும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன். நான் கலியாணம் முடித்து வருவதற்குச் சில வருடங்களுக்கு முன், ஐம்பதுகளின் நடுவில், விவசாயப் போதனாசிரியர் ஒருவர் சைக்கிளில் வந்து குடியேற்றக்காரர்களைப் பாலை மரத்தின் கீழே கூட்டிவைத்துப் பாடம் எடுத்தாராம். பயற்றஞ்செடி ஒன்றைச் சுற்றிவர மண்வெட்டியால் தோண்டி, பூப்போல எடுத்து, வாய்க்காலில் கழுவி, வேரில் இருந்த முடிச்சுகளைக் காட்டினாராம்.

"உந்த முடிச்சு பயிருக்கு வந்த நோய் வருத்தமில்லை. உள்ளுக்கை பற்றீரியா எண்ட கிருமி குடியிருக்கு. பயிர் அதுக்குச் சாப்பாடு குடுக்குது. அது காத்திலை இருக்கிற நைதரசனைப் பிடிச்சுப் பயிருக்குப் பசளையாக்கிக் குடுக்குது."

"எல்லாக் கிருமியும் ஒண்டுதானோ?" என்று யாரோ கேட்டார்களாம்.

"இல்லை. ஒரு கைப்பிடி மண்ணுக்கை எத்தினையோ வகை. ஒரே வேரிலை ஒரு முடிச்சுக்கை ஒரு வகை இருக்கும், பக்கத்து முடிச்சுக்கை வேறை வகை இருக்கும். சிலது நல்லா உழைக்கும். சிலது இடத்தைப் பிடிச்சுக்கொண்டு சும்மா இருந்து தின்னும். வெளியிலை பாத்தாத் தெரியாது. கீறிப் பாத்தா, உழைக்கிறது சிவப்பு. சும்மா இருக்கிறது வெள்ளை."

அந்த இடத்தில் மாமா எழும்பித் தன் காணிக்கு ஓடிவிட்டாராம், பிடுங்கிப் பார்க்க. அதற்குப் பிறகு போதனாசிரியர் சொன்னதைப் பின்வரிசையில் இருந்த இவர்தான் கேட்டார். இளம் முடிச்சு எல்லாமே வெள்ளையாகத்தான் இருக்கும், பூக்கிற நேரத்தில்தான் பார்க்கவேண்டும். காடு வெட்டிய புது மண்ணில் பார்த்துப் பயனில்லை, மண்ணிலேயே பசளை கிடக்கும்போது பயிர் கிருமியைத் தேடாது. புதுக் காணியில் பயறு போடுகிறவர்கள் பழைய பயற்றங்காணியிலிருந்து ஒரு சாக்கு மண் கொண்டுவந்து விதையோடு கலந்து போட்டால் நல்ல வகைக் கிருமி அதோடு வரும். அதுவும் உடனே பலிக்காது. ஏற்கனவே அங்கே இருக்கிற காட்டு வகைகள் லேசில் இடம் விடமாட்டா, இரண்டு மூன்று போகம் பொறுக்கவேண்டும்.

"இதையெல்லாம் நீங்கள் மாமாவுக்குச் சொல்லேல்லையோ?" என்று இவரைக் கேட்டேன்.

"ஐயாவுக்கு நான் சொல்லுறதோ?" என்றார் இவர்.

இவர் அப்படித்தான். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவர். விடிய முதல் வாய்க்காலில் நிற்பார், பொழுதுபட்டுத்தான் வருவார், இடையில் என்ன செய்தார் என்று யாருக்கும் சொல்லமாட்டார். மூத்தவர், அதாவது இவருடைய அண்ணர், வேறு மாதிரி. ஒரு வரம்பு கட்டினாலும் அதை ஊரே அறியும். நல்ல கதைக்காரர், சிரித்த முகம். அவரைத் திட்ட எனக்கு ஆசைதான், ஆனால் அந்த மனிதரோடு கோபித்துக்கொண்டு இருக்க யாராலும் முடியாது. அவர் மனைவி யாழ்ப்பாணத்தில் தாய் வீட்டோடு இருந்தா. கொலனிக்கு வரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றா.

பாடம் கேட்ட நாளிலிருந்து மாமாவுக்கு உலகத்தில் இரண்டு சாதி மனிதர்தான். சங்கக்கடை மனேச்சர் வெள்ளை. கோயில் ஐயர் சிவப்பு, ஆனால் அவருடைய தம்பி வெள்ளை. பக்கத்துக் காணிக்காரன் சந்தனப் பொட்டும் சால்வையுமாகப் போவதைப் பார்த்து, "மேலை நல்ல பச்சை, கீழை ஒண்டுமில்லை" என்பார். நான் குசினியில் சமைத்துக்கொண்டு நிற்கும்போது வந்து பானையின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் போவார். ஒரு வார்த்தை சொல்லமாட்டார். சொல்லாதவரை நான் சிவப்பு என்று எடுத்துக்கொள்வேன்.

நல்லதையும் சொல்லவேண்டும். எனக்குத் தலைப்பிள்ளைக்கு நோவு கண்டது ஒரு பின்னேரம். ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதையில் யானை நிற்கிறது என்று வண்டிக்காரன் மாட்டை அவிழ்க்க மறுத்துவிட்டான். மாமா ஒரு வெற்றுத் தகரத்தை எடுத்துத் தட்டிக்கொண்டு வண்டிக்கு முன்னால் நடந்தார், காடு முடியும் வரைக்கும் நடந்தார். பிள்ளை பிறந்ததும் உள்ளே வந்து, முகத்தைப் பார்க்காமல், துணியை விலக்கி உள்ளங்காலைத் தூக்கிப் பார்த்தார்.

"சிவப்பு" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அன்றைக்கு அவர்மேல் எனக்கு இருந்த பாசத்தை நான் இல்லையென்று சொல்லமாட்டேன்.

அவர் ஏன் இப்படி ஆனார் என்பதும் எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் அவர் வீட்டுக்கு இளையவர். தகப்பன் செத்ததும் அவருடைய தமையன் தோளில் கை போட்டு, பக்கத்தில் இருத்திச் சோறு போட்டு, சிரித்துச் சிரித்தே தோட்டம் முழுவதையும் தன் பெயருக்கு எழுதுவித்துவிட்டாராம். மாமாவுக்கு ஒரு பரப்பு நிலம்கூட மிஞ்சவில்லை. அதனால்தான் கொலனிக் காணிக்கு விண்ணப்பித்து, காட்டுக்கும் காய்ச்சலுக்கும் பயப்படாமல் இரணைமடுத் தண்ணீரை நம்பி வந்து குடியேறினார். மாமி காய்ச்சலில்தான் போனா. இத்தனையும் பட்ட மனிதர் சிரிப்பை நம்பாமல் வேரைப் பார்க்கப் பழகியதில் எனக்கு ஆச்சரியமில்லை. பட்டதையே திருப்பிச் செய்தாரே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

கொலனிக் காணி அரசாங்கம் தந்த காணி. விற்க முடியாது, துண்டு போட முடியாது. பெர்மிட்காரர் தனக்குப் பிறகு ஒரே ஒரு ஆளின் பெயரைத்தான் கொடுக்கலாம். ஒரு மாரிக்கு மாமாவுக்கு நெஞ்சு நோ வந்து, காணி அலுவல் பார்க்கும் கந்தோரில் பெயர் கொடுக்கவேண்டும் என்ற கதை வீட்டில் எழும்பியது. இரண்டு மகன்மார், ஒரு காணி. நானும் இவரும் கைக்குழந்தையும் அந்தக் காணியின் ஒரு மூலையில் கொட்டில் போட்டிருந்தோம். எங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. மூத்தவருக்கு மனைவியின் சீதன வீடு யாழ்ப்பாண டவுனில் இருந்தது. இதைக் கேட்கிற எவருக்கும் யாருக்குக் கொடுக்கவேண்டும் என்று தெரியும். மாமாவுக்கு மட்டும் பிடுங்கிப் பார்க்கவேண்டி இருந்தது.

மேட்டுக்காணியில் இரண்டு துண்டு காட்டி, ஆளுக்கொன்றில் பயறு போடச் சொன்னார். மூத்தவருக்கு வீட்டோடு சேர்ந்த துண்டு, வருடா வருடம் பயறு விளைந்த மண். இவருக்குப் பின்வேலியோடு, அந்த வருடம்தான் காடு வெட்டிச் சுட்ட மூலை. கரி இன்னும் காலில் ஒட்டியது.

"புது மண்ணிலை முடிச்சு வராதெண்டு அந்தப் போதனாசிரியர் சொன்னவரெல்லே. வாயைத் திறந்து சொல்லுங்கோவன்" என்றேன் இவரிடம்.

"பயறு நல்லா வரும். அது காணும்."

"மாமா பயறையே பாக்கப் போறார்?"

"என்ரை ஐயா, எனக்குத் தெரியும்" என்றார் இவர். எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

பயறு நன்றாகத்தான் வந்தது. எங்கள் துண்டில் செடி கரும்பச்சையாக மதாளித்து நின்றது. மூத்தவரின் துண்டில் சற்று வெளிறிப்போய், கட்டையாக நின்றது. போகிற வருகிற சனமெல்லாம் இவரோடு நின்று கதைத்துவிட்டுப் போனார்கள். நானும் மகிழ்ந்துபோனேன். மூத்தவர்கூட வந்து பார்த்து, "டேய், நீ வெண்டிட்டாய்" என்று இவர் முதுகில் தட்டினார். செடி ஒரு முழம்கூட வளரவில்லை, பூவுக்கு இன்னும் நாள் கிடந்தது, மாமா ஒருநாள் காலை நகத்தைத் தடவிக்கொண்டு இறங்கினார்.

முதலில் மூத்தவரின் துண்டு. பிடுங்கினார், கீறினார், தலையை ஆட்டினார். பழைய பயற்றங்காணி என்றபடியால் முடிச்சு முந்தியே முற்றியிருந்தது, வேர் நிறையச் சிவப்பு. நாங்கள் மூன்று பேரும் பின்னால் போனோம், என் இடுப்பில் பிள்ளை. எங்கள் துண்டில் ஒன்றைப் பிடுங்கினார். வேரில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்ன முடிச்சு. கீறினார். வெள்ளை. இன்னொன்று பிடுங்கினார், அதுவும் வெள்ளை. ஒரு நிரையையே பிடுங்கிப் போட்டார். எல்லாம் வெள்ளை.

"மாமா, பூக்கேக்கை பாக்கவேணுமாம். இது காடு வெட்டின மண்" என்றேன். மாமனாரோடு எதிர்த்துக் கதைத்தது அன்றைக்குத்தான் முதல்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. பிடுங்கிய செடிகளை இவர் காலடியில் போட்டார்.

"மேலை பார், என்ன பச்சை. கீழை சும்மா இருந்து தின்னுறாய். நீ வெள்ளை முடிச்சடா."

இவர் குனிந்து அந்தச் செடிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். மூத்தவர் மட்டும், "ஐயா, விடுங்கோ, அவன் பாவம்" என்றார். அந்தப் பாவம் என்ற சொல்தான் எனக்கு அதைவிடச் சுட்டது.

அறுவடையில் எங்கள் துண்டுதான் கூட விளைந்தது. "காட்டு மண்ணின்ரை விளைச்சல் அது" என்று மாமா சொல்லிவிட்டார். காணிக் கந்தோரில் மூத்தவரின் பெயர் ஏறியது.

அடுத்த சிறுபோகத்துக்கு முன் நாங்கள் அக்கராயன் பக்கம் காடு வெட்டப் புறப்பட்டோம். வண்டியில் பானை சட்டி ஏற்றியாயிற்று. இவர் ஒரு வெறும் சாக்கை எடுத்துக்கொண்டு பழைய பயற்றங்காணிக்குள் இறங்கி, மண்வெட்டியால் மேல்மண்ணைச் சுரண்டிச் சாக்கை நிரப்பினார். மாமா முற்றத்தில் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"மண்ணையும் கொண்டு போறியோ?"

"ஒரு சாக்கு, ஐயா. விதையோடை கலக்க."

மூத்தவர்தான் வந்து சாக்கின் மறுபக்கத்தைப் பிடித்து வண்டியில் தூக்கிவிட்டார். பத்துப் பன்னிரண்டு வருடம் அந்தக் காணியில் மாடாக உழைத்த மனிதருக்கு அங்கிருந்து கிடைத்த சீதனம் அந்தச் சாக்கு மண்தான்.

அக்கராயனில் முதல் வருடம் யானை தின்றது போக மிஞ்சியதைத் தின்றோம். காட்டு மண்ணின் கொழுப்பு இறங்கிய பிறகுதான் இவர் பயறுக்கு அந்த மண்ணைக் கலந்தார். நனைத்த விதையைச் சாக்கில் பரப்பி, மண்ணைத் தூவி, கையால் பிசறிப் பிசறி நிழலில் உலரவிட்டு விதைத்தார். முதல் போகம் எங்கோ ஓரிரண்டு முடிச்சுத்தான் சிவப்பு. காட்டு வகைகள் இடம் விடவில்லை. மறுபோகம் கொஞ்சம் கூடியது. மூன்றாவது போகம், பூத்த நேரத்தில், இவர் ஒரு செடியைச் சுற்றிவரத் தோண்டி எடுத்துக் கழுவினார். வேரெல்லாம் முடிச்சு. ஒன்றைக் கீறிப் பார்த்துவிட்டு மற்றக் கையால் மூடிக்கொண்டார். நான் கையை விரிக்கச் சொன்னேன். நல்ல இரத்தச் சிவப்பு.

"ஐயா பாக்கேல்லை" என்றார் இவர். முப்பத்தைந்து வயது மனிதர், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். நான் அப்பால் போய்விட்டேன். கூட நின்றிருந்தால் எதையாவது போட்டு உடைத்திருப்பேன்.

மூத்தவர் மூன்று நாலு வருடம் காணியில் இருந்தார். பிறகு கந்தோருக்குத் தெரியாமல் குத்தகைக்கு விட்டுவிட்டு டவுனில் கடை போடப் போய்விட்டார். குத்தகைக்காரன் வீட்டையும் கேட்டான். மாமா ஒரு தகரப் பெட்டியோடு மாட்டுவண்டியில் எங்கள் வளவுக்கு வந்து இறங்கினார். ஏன் வந்தார் என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. நான் கேட்க வாயெடுத்தேன், இவர் பார்த்த பார்வையில் நிறுத்திவிட்டேன். பாயைத் தட்டிப் போட்டேன், சோறு போட்டேன். அவர் பானை மூடியைத் திறந்து பார்க்க வரவில்லை. அது எனக்குப் பழிவாங்கின மாதிரி இருக்கும் என்றுதான் நினைத்தேன், இருக்கவில்லை.

மூத்தவர் ஒருமுறை ஆள் மூலம் ஒரு சால்வை அனுப்பினார். மாமா அதை மடிப்புக் கலையாமல் தலைமாட்டில் வைத்திருந்தார்.

பிறகு பாரிசவாதம் வந்தது. ஒரு பக்கம் விழுந்துவிட்டது, நல்ல காலமோ கெட்ட காலமோ வலது கை மிஞ்சியது. பீ மூத்திரம் எடுத்தது நானும் இவரும். சொல் குழறும், ஆனால் விளங்கும். அறுபதுகளின் கடைசியில் ஒரு மாரி. பின்வளவில் பயறு நின்றது.

"பிள்ளை, பயறு பூத்திட்டுதோ?"

"இன்னும் இல்லை, மாமா. மொட்டுத்தான். ஒண்டு பிடுங்கிக்கொண்டு வரட்டோ?"

"வேண்டாம். பூக்கட்டும். முதல் பாத்தா எல்லாம் வெள்ளையாத்தான் கிடக்கும்."

அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தேன். இதை எப்போது தெரிந்துகொண்டார்? போதனாசிரியரின் பாடத்தை முழுவதும் கேட்டுத்தான் எழும்பிப் போனாரா? அன்றைக்கு அந்தச் செடிகளை இவர் காலடியில் போடும்போதே தெரியுமா? கேட்டிருக்கலாம். உயிர் ஊசலாடுகிற மனிதரிடம் கேட்டு என்ன செய்ய என்று விட்டுவிட்டேன். இன்றைக்கு நினைத்தால், கேட்டிருக்கவேண்டும்.

பூத்தது. நல்லதாக ஒரு செடியைப் பார்த்துத் தோண்டி, கழுவி, அவர் கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்கு அதில் ஒரு வெறி இருந்தது. அவர் சாகிறதற்கு முன் அதைப் பார்த்துவிட்டுத்தான் சாகவேண்டும், இவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லவேண்டும். இவர் வயலிலிருந்து வந்து கதவடியில் கால் மண்ணோடு நின்றார். போகச் சொன்னாலும் போயிருக்கமாட்டார்.

மாமா வேரைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். நகத்தால் ஒரு முடிச்சைத் தேடிப் பிடித்தார். கீறினார். சிவப்பு. இன்னொன்று. அதுவும் சிவப்பு. வாய் ஒரு பக்கமாகக் கோணினாலும் அது சிரிப்பு என்று தெரிந்தது. அவர் சிரித்து நான் அதற்கு முன் கண்டதில்லை.

"என்ன சிவப்பு" என்றார். "மூத்தவன்ரை பயறு. வேரைப் பாத்தாலே தெரியுது."

அந்தக் கிருமி அந்தப் பழைய பயற்றங்காணியிலிருந்து சாக்கில் வந்ததுதான். அந்த வகையில் கிழவன் சொன்னது முழுப் பொய்யும் இல்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் சொல்லத்தான் போனேன். வாயும் திறந்துவிட்டேன். இவர் உள்ளே வந்து பாய்க்குப் பக்கத்தில் குந்தி, தகப்பனின் வாயோரம் வடிந்ததைத் துவாயால் துடைத்தார்.

"ஓம் ஐயா" என்றார். "அண்ணையின்ரைதான்."